பிள்ளையார் சீக்கிரம் சாப்பிட்ட நாட்கள்

ஜனவரி 4, சனி

இந்த நோட்டில் எழுதச் சொன்னது ஜெஸிந்தா டீச்சர். ஆகவே பிழை இருந்தால் பொறுப்பு அவருடையது.

என் பெயர் முப்பிடாதி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் அதன் வழியில் போனது, நான் என் வழியில் வந்தேன். மனக்கசப்பு ஒன்றும் இல்லை. பாலிடெக்னிக் பெண்கள் விடுதியில் பத்தொன்பது வருடமாகச் சமையல் வேலை. நூற்று எண்பது பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். தலைமைச் சமையல்காரர் சங்கரபாண்டி அண்ணாச்சி. அவருக்கு அடுத்து நான். எனக்கு அடுத்து ஆவுடை, என் வீட்டுக்காரரின் தங்கை. ஆவுடைக்கு அடுத்து ஒரு பூனை. இருவரில் பூனைதான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

மார்ச் 31 அன்று அண்ணாச்சி ஓய்வு பெறுகிறார். வார்டன் கோமதி மேடம் போன வாரம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே எனக்குப் பயம்.

“முப்பிடாதி, உன் கைப்பக்குவம் எல்லாருக்கும் தெரியும். ஆனா பேப்பர் வேணும். சமையல் சர்டிபிகேட் வாங்கிட்டா அண்ணாச்சி இடம் உனக்கு. இல்லேன்னா கமிட்டி வெளியூர்ல இருந்து ஆளைக் கொண்டாந்துரும். அவன் கீழ நீயும் ஆவுடையும் வெங்காயம் உரிச்சிட்டு இருக்கணும்.”

அதனால் சனிக்கிழமை தோறும் பயிற்சி வகுப்பு. இன்று முதல் நாள். சமையல் சொல்லித் தருவார்கள் என்று போனால், டீச்சர் கையில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“நீங்க எல்லாரும் ஏற்கெனவே நல்லா சமைக்கிறவங்க. நான் சமையல் சொல்லித்தரப் போறதில்ல. உங்க வேலையை நீங்களே திரும்பிப் பார்க்கச் சொல்லித்தரப் போறேன்” என்றார்.

டிஜிட்டல் போர்ட்ஃபோலியோவாம். தமிழில் மின்தொகுப்பு. போனுக்குள் ஒரு பெட்டி என்று நான் புரிந்துகொண்டேன். வாரத்துக்கு இரண்டு முறை நாம் சமைப்பதைச் சின்ன வீடியோவாக எடுத்து அதில் போட வேண்டும். கீழே மூன்று கேள்விகள். இன்று என்ன செய்தேன்? எது சரியாக வரவில்லை? அடுத்த முறை எதை மாற்றுவேன்? முதலில் தோன்றியதை எல்லாம் நோட்டில் எழுதிவிட்டு, அதிலிருந்து எடுத்துப் போனில் போடலாம். இருபது பதிவு சேர்ந்தால்தான் சான்றிதழ்.

“நோட்டையும் பார்ப்பீங்களா டீச்சர்?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. அது உங்களுக்கு.”

நல்லதாய்ப் போயிற்று.

டிசம்பரில் பன்னிரண்டு நாள் காய்ச்சலில் கிடந்ததில் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

ஜனவரி 6

முதல் பதிவு. ஆவுடை வீடியோ எடுத்தாள். அதில் பாதி அவள் கட்டைவிரல்.

எங்கள் அடுப்படியில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்புக்கு மேலே சுவரில் பிள்ளையார் படம், அதற்கு மேலே கடிகாரம். சமைத்து இறக்கியதும் பன்னிரண்டு மணிக்கு முதல் கரண்டி பிள்ளையாருக்கு. அதுவரை ஒரு நாக்கிலும் ஒரு சொட்டுப் படக்கூடாது. பட்டால் எச்சில். அப்படியானால் உப்பு எப்படிப் பார்ப்பது? மூக்கால்தான். அண்ணாச்சி அண்டாவுக்கு மேல் குனிந்து ஆவியை இழுப்பார். ஒரு நொடி சும்மா நிற்பார். “ரெண்டு கல்லு உப்பு போடு தாயி” என்பார். போட்டால் அவ்வளவுதான், சாம்பார் சாம்பாராகிவிடும். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள்கூட அந்த மூக்கைப் பார்க்க வந்து போவார்கள். அந்த மூக்குக்குள் இவ்வளவு மூக்குப்பொடி போவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர் குனியும்போது பக்கத்தில் நின்று நானும் ஒரு இழுப்பு இழுப்பேன். பத்தொன்பது வருடப் பழக்கம்.

எது சரியாக வரவில்லை? ஒன்றும் இல்லை. அடுத்த முறை எதை மாற்றுவேன்? ஒன்றும் இல்லை.

ஜனவரி 8

ஆவுடை மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். பால் அடிப்பிடித்திருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். வேறு யோசனையாக இருந்திருப்பேன்.

சாயங்காலம் அவளே, “மைனி, தலைக்குப் புது மூலிகை எண்ணெய் மாத்திருக்கேன். ஒண்ணும் சொல்லலையே?” என்றாள். “நல்லாத்தான் இருக்கு” என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜனவரி 11, சனி

டீச்சர் என் பதிவுகளைத் திருப்பிவிட்டார்.

“முப்பிடாதி அக்கா, ரெண்டு பதிவுலயும் ‘தவறு ஒன்றும் இல்லை’ன்னு போட்டிருக்கீங்க.”

“இல்லாததை எப்படி டீச்சர் எழுத?”

“தப்பே நடக்கலையா?”

“நூத்தி எம்பது பிள்ளைங்க உயிரோட இருக்கு டீச்சர். வேணும்னா எண்ணிப் பாத்துக்கோங்க.”

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார், ஆனால் விடவில்லை. “அந்த ரெண்டாவது கேள்விதான் முக்கியம். அது காலியா இருந்தா பதிவு கணக்குல வராது.”

சரி. தப்பு வேண்டுமென்கிறார். தப்புச் செய்வது ஒரு கஷ்டமா?

ஜனவரி 13

இன்று இட்லி பூ மாதிரி வந்தது. கோமதி மேடம் ஆறு சாப்பிட்டார்.

போனில் இப்படிப் போட்டேன்: “இன்று இட்லி கல்லு மாதிரி ஆகிவிட்டது. மாவை நான் கவனிக்கவில்லை. அடுத்த முறை உளுந்தைக் கூட்டி, மாவு பொங்கும்வரை பொறுத்திருப்பேன்.”

பத்து நிமிடத்தில் டீச்சர் பதில்: “அருமையான சுயபரிசீலனை அக்கா!” பக்கத்தில் மூன்று பூ.

அடடா. நல்ல இட்லிக்குக்கூட எனக்கு இதுவரை யாரும் பூக் கொடுத்ததில்லை.

ஜனவரி 14

பொங்கல். விடுதி காலி. வீட்டில் சர்க்கரைப் பொங்கல். “என்னா ஏலக்கா வாசம்!” என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்திருக்கும்.

ஜனவரி 20

சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் குறை எழுதும் நோட்டு ஒன்று தொங்குகிறது. வருடக்கணக்காக அதில் படம்தான் வரைவார்கள். இன்று படித்தேன்.

“இன்றைய சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டோம். அறை 14.”

“ரசத்தில் உப்பு விடுப்பில் சென்றுள்ளது. விடுப்புக் கடிதம் கொடுத்ததா? அறை 9.”

ஒரே நாளில் சாம்பாரில் கூடி, ரசத்தில் குறைந்திருக்கிறது. அண்ணாச்சி படித்துவிட்டு, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு செத்துப் போச்சு” என்றார். “ஆமா அண்ணாச்சி, நாக்குதான்” என்றேன்.

ஒரு யோசனை செய்தேன். பிள்ளையாருக்குப் படைத்தபிறகு யார் வேண்டுமானாலும் ருசி பார்க்கலாம் அல்லவா? அவருக்குக் கொஞ்சம் முன்னாலேயே படைத்துவிட்டால் என்ன? இன்று பதினொன்றரைக்கே ஒரு கரண்டி வைத்துக் கும்பிட்டேன். அதை எடுத்து ஆவுடையிடம் நீட்டி, “பாருட்டி, உப்புப் பார்க்கப் பழகு. நாளைக்கு நான் தலைமை ஆயிட்டா நீதான் எல்லாம் பார்க்கணும்” என்றேன்.

“கொஞ்சம் கம்மி மைனி.”

“எனக்கும் அப்படித்தான் தோணிச்சு.”

ஜனவரி 27

பதினொன்றரைக்குச் சொன்னால் சரிசெய்ய நேரம் போதவில்லை. இன்று பதினொரு மணிக்குப் படையல். பிள்ளையாருக்குத் தொந்தி இருக்கிறது, சீக்கிரம் பசிக்கத்தான் செய்யும்.

போனில் போட்டது: “பொரியல் கருகிவிட்டது.” கருகவில்லை. டீச்சர் இரண்டு பூ.

பிப்ரவரி 3

பத்தரைக்குப் படையல். பருப்பு வேகவில்லை. ஆவுடை நறுக் நறுக்கென்று மென்றாள்.

“மைனி, பிள்ளையாருக்கு வயித்தால போகப் போகுது” என்றாள்.

“அவருக்குத்தான் யானை வயிறுல்லா, உனக்கு என்ன?”

“எனக்குப் பூனை வயிறு. மெல்லுறது நான்ல்லா.”

பிப்ரவரி 8, சனி

வகுப்பில் டீச்சர் என் பதிவுகளைச் சுவரில் பெரிதாக்கிப் போட்டார். “உண்மையா எழுதுறதுன்னா என்னன்னு இவங்ககிட்ட கத்துக்கோங்க” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கிழிந்த தோசை, கருகிய பொரியல், உடைந்த பணியாரம், முந்திரியே இல்லாத பாயசம். அந்த முந்திரி இருந்தது. கால்பங்கு என் வாயில் இருந்தது, அது வேறு கதை.

கை தட்டும்போது எனக்கு ஏனோ கழுத்து வேர்த்தது. ஃபேன் சரியில்லை.

பிப்ரவரி 12

இன்று காலை நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

சிலிண்டர் மாற்றிவிட்டு, லைட்டரைக் கையில் எடுத்தேன். வாசலில் இருந்து ஆவுடை கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஓடி வந்து லைட்டரைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். ஜன்னல் எல்லாம் திறந்தாள். ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை. கேஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

“எம்மா, மைனி, வராண்டா வரைக்கும் நாறுதே!” என்றாள்.

“ஜலதோஷம்” என்றேன்.

காலைப் பலகாரம் முக்கால் மணி நேரம் தாமதம். பிள்ளைகள் தட்டில் தாளம் போட்டார்கள். மேலே மாடியில் அறுபது பேர் அப்போது தலைவாரிக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 13

போனில்: “துவையலில் காரம் குறைந்துவிட்டது.”

பூ வந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 19

கோமதி மேடம் கூப்பிட்டார். இந்த முறை உட்காரச் சொல்லவில்லை.

“முப்பிடாதி, மார்ச் இருபத்திரெண்டு கமிட்டி வருது. பிரின்சிபால் சார் உன் மின்தொகுப்பை முழுசா பார்த்துட்டுத்தான் முடிவு சொல்வாராம். டீச்சர் எனக்கும் லிங்க் அனுப்பியிருந்தாங்க. ராத்திரி உக்காந்து பார்த்தேன். என்னது இது?”

“என்ன மேடம்?”

“இட்லி கல்லு. பொரியல் கரி. தோசை கிழிசல். பன்னெண்டு பதிவுல பன்னெண்டு நாசம். இதைப் பார்த்துட்டு உன்னைத் தலைமையா போடுவாங்களா, இல்ல போலீசுக்குச் சொல்வாங்களா?”

“மேடம், அதெல்லாம் சும்மா…”

“பதிமூணாம் தேதி இட்லி கல்லு மாதிரின்னு எழுதியிருக்கே. அன்னைக்கு நான் ஆறு சாப்பிட்டேன். எனக்கென்ன கல்லு அரைக்கிற மிஷினா வயித்துல இருக்கு?”

அதற்கு ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நான் பதிலை விழுங்கியதைப் பார்த்து மேடமே பயந்துபோனார்.

பிப்ரவரி 22, சனி

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் போய், பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றேன். அழிக்க முடியாதாம். கீழே சேர்த்து எழுதத்தான் முடியுமாம். என்னடா பெட்டி இது, போட்டதைத் தராது.

“உக்காருங்க அக்கா. உங்க வீடியோ எல்லாத்தையும் வரிசையா போட்டுப் பார்த்தேன். ஒரு சந்தேகம் இருக்கு” என்றார்.

வரிசையாக ஓடவிட்டார். முதல் வீடியோவில் பிள்ளையார் சாப்பிடும்போது கடிகாரத்தில் பன்னிரண்டு. அடுத்ததில் பதினொன்றரை. அப்புறம் பதினொன்று. கடைசியில் பத்தரை, பின்னால் ஆவுடை இன்னும் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

“உங்க பிள்ளையார் ஏன் அக்கா ஒவ்வொரு வாரமும் அரை மணி நேரம் சீக்கிரமா சாப்பிடுறார்?”

நான் வாயைத் திறந்தேன். கேலி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“எனக்கு வாசம் தெரியல டீச்சர்.”

நாற்பத்தெட்டு வயதில் பத்துப் பேர் உட்காரும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அழுதேன். டிசம்பர்க் காய்ச்சலோடு போனது. மல்லி தெரியவில்லை, பெருங்காயம் தெரியவில்லை, சாக்கடை தெரியவில்லை. ருசியும் பாதிதான். கேஸ் விஷயத்தையும் சொன்னேன். தவறு என்று எழுதியதெல்லாம் நடக்காதது, நடந்ததை எல்லாம் எழுதவில்லை என்றும் சொன்னேன்.

டீச்சர் பூ கொடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார். “டாக்டரைப் பாருங்க. பொய் எழுதின இடத்துக்குக் கீழெல்லாம் நடந்ததை எழுதுங்க. அப்புறம் வீடியோவை நீங்களே பாருங்க. எனக்குச் சமையல் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும், உப்பு எங்க தப்புதுன்னு” என்றார்.

“கமிட்டி பார்த்தா எனக்கு வேலை கிடைக்காது டீச்சர்.”

“கிடைக்காமலும் போகலாம். அறுபது பிள்ளைங்க மேல இருந்தாங்கன்னு சொன்னீங்களே அக்கா.”

பிப்ரவரி 23

ஆவுடையிடம் சொன்னேன். வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“ஜனவரியிலயே தெரியும் மைனி.”

“எப்படிட்டி?”

“இருபது வருசமா என் தலை எண்ணெயக் கேலி பண்ணாம நீ ஒரு நாளும் விட்டதில்ல. புது எண்ணெய், அதுவும் அந்த நாத்தம்! ‘நல்லாத்தான் இருக்கு’ன்னியே. அன்னைக்கே அண்ணன்கிட்டச் சொன்னேன், மைனிக்கு என்னமோ ஆயிட்டுன்னு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீ சொல்வேன்னு இருந்தேன். அதுவரைக்கும் வேகாத பருப்பைத் தின்னுட்டு இருந்தேன்ல்லா.”

பூனையைவிட இவள் மேல் என்று இன்றைக்கு மட்டும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 26

ஆவுடைதான் துணையாக டாக்டரிடம் வந்தாள். வரலாம், வராமலும் போகலாம், மாதக்கணக்கு ஆகலாம் என்றார் டாக்டர். தினமும் எலுமிச்சை, கிராம்பு என்று நாலைந்து பொருளை முகர்ந்து பழகச் சொன்னார். வந்த வழியில் ஆவுடை தன் தலையை நீட்டினாள், “இதையும் சேத்துக்கோ மைனி” என்று.

மார்ச் 2

ஞாயிறு முழுக்க வீடியோ பார்த்தேன். குறை நோட்டைப் பக்கத்தில் விரித்து, தேதி தேதியாக.

உப்புச் சரியாக இருந்த நாளில் என் கை ஒரே தடவைதான் போயிருக்கிறது. போட்டுவிட்டு கை பாட்டுக்கு மஞ்சள்தூளுக்குப் போகிறது. உப்புக் கரித்த நாளில் எல்லாம் ஒரு தடவை போட்டு, நின்று, யோசித்து, இன்னொரு கை போட்டிருக்கிறேன். உப்புக் குறைந்த நாளில், போட்டது கூடிவிட்டதோ என்று தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். கை ஒரு நாளும் தப்புச் செய்யவில்லை. கைக்குப் பின்னால் நின்ற பயம்தான் செய்திருக்கிறது.

சில நாளில் இரண்டாவது கையைப் போடச் சொன்னது அண்ணாச்சி. முன்பெல்லாம் ரெண்டு கல்லு என்பவர், ஜனவரியில் இருந்து “ஒரு கை போடு தாயி” என்கிறார். இன்னொன்றும் பார்த்தேன். அவர் ஆவியை இழுக்கும்போது கண்ணை மூடியிருப்பார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மூடவில்லை. திறந்திருக்கிறது. என்னைத்தான் பார்க்கிறார்! ஓய்வு பெறுகிற வயதில் என்ன பார்வை வேண்டியிருக்கிறது? ஆவுடையிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தோம்.

பொய் எழுதிய இடத்துக்குக் கீழெல்லாம் எழுதி முடித்தேன். “இது நடக்கவில்லை. அன்று நடந்தது இது.” பன்னிரண்டு முறை. பிப்ரவரி 12க்கு மட்டும் தனிப் பதிவு. அதை எழுதத்தான் நேரம் ஆயிற்று.

மார்ச் 5

புது முறை. என் கை அள்ளும் உப்பை ஒரு டம்ளரில் கொட்டி, அந்த மட்டத்தில் ஆணியால் கோடு கிழித்தேன். நூற்று எண்பது பேருக்கு அந்தக் கோடு வரைதான். அதற்குமேல் யார் சொன்னாலும் போடுவதில்லை. தாளிப்பைக் காதால் பார்க்கிறேன். கடுகு படபடவென்று வெடித்து, சத்தம் ஓய ஆரம்பிக்கும்போது கறிவேப்பிலை. ரசத்தைக் கண்ணால். நுரை கூடி ஓரத்தில் ஏறும்போது இறக்க வேண்டும். சிலிண்டர் மாற்றுவது இனி ஆவுடை மட்டும்.

இதையெல்லாம் வீடியோவில் சொல்லிக்கொண்டே செய்தேன். பிள்ளையாருக்குப் பதினொரு மணிக்குப் படையல்.

மார்ச் 10

பதினொன்றரை. அண்ணாச்சி, “ஒரு கை போடு தாயி” என்றார். போடுவது போலக் கையை ஆட்டினேன். போடவில்லை.

குறை நோட்டில்: “உப்பு விடுப்பு முடிந்து பணியில் சேர்ந்தது. வரவேற்கிறோம். அறை 9.”

மார்ச் 17

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். ருசி பார்க்கும் முன்பே தெரிந்தது, சரியாக இருக்கிறது என்று. ஆவுடை சப்புக்கொட்டினாள். “மைனி, பருப்பு வெந்திருக்கு!” என்றாள், ஏதோ புதுப் பண்டம் சாப்பிட்டவள் போல.

மார்ச் 22, சனி

கமிட்டி.

காலையில் அவர்கள் முன்னால் சமைத்தேன். சாம்பார், ரசம், கோஸ் பொரியல். கோமதி மேடம் முகத்தில் ஈயாடவில்லை. பிரின்சிபால் சார் என் மின்தொகுப்பைக் கணினியில் திறந்து வைத்திருந்தார். டீச்சர் ஓர் ஓரமாக நின்றார். அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார்.

“எல்லாத்தையும் படிச்சேன்மா. இப்படித் தன் மேலயே குத்தம் எழுதி வைக்கிறவங்களை நான் பார்த்ததில்ல” என்றார் சார். “ஆனா ஒண்ணு. தலைமைச் சமையல்காரர்னா மூக்குத்தான் முக்கியம். சங்கரபாண்டி மாதிரி ஒரு மூக்கு இருந்த இடத்துல, வாசமே தெரியாத ஒருத்தரை எப்படிப் போடுறது? நீங்களே சொல்லுங்க.”

நானே என்ன சொல்ல? டம்ளரைப் பற்றிச் சொன்னேன். கடுகுச் சத்தத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அது வேண்டாம் என்கிற தலையாட்டு. சரி, வெங்காயம் உரிக்க வேண்டியதுதான், நமக்குத்தான் அதன் நெடியும் தெரியாதே என்று நினைத்துக்கொண்டேன்.

“சார், ஒரு நிமிசம்” என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் திரும்பினோம். இடுப்பில் இருந்து பொடி டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“மூக்குன்னு பேச்சு வந்ததால சொல்லுதேன். என் மூக்கு போயி பதினாலு வருசம் ஆச்சு. பொடி போட்டுப் போட்டு மரத்துப் போச்சு. பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல.”

“அப்ப நீங்க அண்டாவுல குனிஞ்சு பார்க்கிறது?” என்றார் கோமதி மேடம்.

“குனியறது அண்டாவுக்கு. பார்க்கது இவ மூஞ்சிய.” என்னைக் காட்டினார். “பக்கத்துல நின்னு மூச்சு இழுப்பா. உப்பு குறைச்சல்னா இடது புருவம் ஏறும். சரியா இருந்தா மூக்கு நுனி லேசா விரியும். விரிஞ்சா ரெண்டு கல்லு போடச் சொல்வேன், சும்மா ஒரு கெத்துக்கு. ஏறினா ஒரு கை. பதினாலு வருசம் இந்த விடுதிக்கு இருந்தது ஒரே மூக்கு சார். அது இவளுது. ஜனவரியில இருந்து புருவம் இறங்கவே இல்ல. நானும் ஒரு கை போடு, ஒரு கை போடுன்னு சொல்லிப் பிள்ளைகளை உப்புக்கண்டம் ஆக்கிட்டேன். மூக்கு போனதும் நான் மறைச்சேன். இவ மறைச்சா, ஆனா எழுதி வச்சிட்டா. டம்ளர்ல கோடு போட்டா. பதினாலு வருசத்துல எனக்கு அது தோணலையே.”

அவர் டப்பாவைத் திருப்பி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். செருகிய கை சும்மா இருக்கவில்லை, வேட்டி மடிப்பை நீவிக்கொண்டே இருந்தது.

எனக்கு ஆயிரம் கேலி வாயில் வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. இடது புருவம் மட்டும் ஏறியது என்று ஆவுடை பின்னால் சொன்னாள்.

பிரின்சிபால் சார் சாம்பாரில் ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார். கரண்டியால் அவரே ஊற்றிக்கொண்டார். முடிவைக் கேட்க நாங்கள் காத்திருந்தோம். அவர் வாய் காலியாகத்தான் நேரம் ஆயிற்று.

“கேஸ் கசிஞ்சா கத்துற மிஷின் ஒண்ணு சுவர்ல மாட்டிருவோம்” என்றார். “ருசி பார்க்க அந்தம்மா இருக்காங்க. அவங்க பேர் என்ன?”

“ஆவுடையம்மாள் சார்” என்றாள் ஆவுடை, இருபது வருடத்தில் முதல் முறையாக முழுப் பெயரோடு.

மார்ச் 31

இருபதாவது பதிவு. நோட்டில் இதோடு முடிகிறது.

இன்று என்ன செய்தேன்? தலைமைச் சமையல்காரியாக முதல் நாள், அண்ணாச்சிக்குக் கடைசி நாள். அவருக்குப் பிடித்த புளிக்குழம்பு. சாப்பிட்டுவிட்டு, “வாசம் தூக்குதே தாயி!” என்றார். “ஆமா அண்ணாச்சி, எனக்கும் தூக்குது” என்றேன். இருவரும் சிரித்ததைப் பார்த்து மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

எது சரியாக வரவில்லை? கத்துகிற மிஷினை ஆவுடை ஊதுபத்திப் புகை காட்டிச் சோதித்தாள். கத்தவில்லை. அது கேஸுக்குத்தான் கத்துமாம், பக்திக்குக் கத்தாதாம். அப்புறம் மாட்டியவர் வந்து சரியாகச் சோதித்துக் காட்டினார். பூனை அன்று ஓடியது, இன்னும் வரவில்லை.

இன்னொன்று. பதினொன்றரை இருக்கும். தாளித்துக்கொண்டிருந்தேன். ஆவுடை என்னைக் கடந்துபோனாள். மூக்கில் ஏதோ இடித்தது. ரப்பர் கருகுவது மாதிரி, அதோடு ஈரச் சாக்கு மாதிரி. கரண்டியோடு அப்படியே நின்றேன். மறுபடி இழுத்தேன். கடுகு இல்லை, பெருங்காயம் இல்லை. அது மட்டும் இருந்தது.

“ஏட்டி ஆவுடை” என்றேன். “உன் தலைக்குள்ள என்ன செத்துக் கிடக்கு?”

அவள் கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். என் மாமியார் வரைக்கும் திட்டினாள். அவள் அம்மாதான் என் மாமியார் என்பது அவளுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அது எண்ணெயின் அசல் வாசமா, பாதி வந்த என் மூக்கின் கோளாறா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். ஆவுடை கோளாறு என்கிறாள்.

அடுத்த முறை எதை மாற்றுவேன்? அந்த எண்ணெயை.

புளிக்குழம்பைப் பன்னிரண்டு மணிக்கு இறக்கினோம். பிள்ளையார் அதற்குப் பிறகுதான் சாப்பிட்டார்.